பகலில் தாழிட்ட கதவு

எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை. கதவு இல்லாமல் இல்லை. தகரக் கதவு, பலகைக் கதவு, எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து தள்ளுவண்டியில் வந்து இறங்கிய தேக்குக் கதவு என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது திறந்தால் படுக்கும்போதுதான் சாத்துவோம். வெளியே போனால் பூட்டுத் தொங்கும், உள்ளே ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும். தாராவியில் எங்கள் சந்துக்குத் தெரிந்தது இந்த இரண்டுதான். பூட்டும் தொங்கவில்லை, கதவும் திறந்திருக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ விபரீதம்.

அப்படி ஒருமுறை ஆகியிருக்கிறது. கடைசி வீட்டில் ஒரு சின்னப் பெண். ஒரு மத்தியானம் அந்தக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறாள் போல என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பகலில் ஒரு கதவு தாழிட்டிருந்தால் தட்டுவோம். பதில் வராவிட்டால் உடைப்போம்.

இதை நான் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் அதைக் கேட்டுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு இணைய வழியில் தமிழ் முதுகலையில் சேர்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. வேலை உயருமா? உயராது. மாட்டுங்காவில் ஒரு காப்பிப்பொடிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டம் வாங்கினாலும் அங்கேதான் உட்காருவேன். காரணம் வேறு. நான் எழுதுவது வரியை ஒடிக்காத கவிதை. மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி, அவ்வளவுதான் என் இலக்கணம். மாட்டுங்காவில் ஒரு சின்னக் கூட்டத்தில் அதை வாசித்தபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். "யாப்பு தெரியாதவாதான் இப்படி வளவளன்னு எழுதுவா. தெரிஞ்சிருந்தா ஒரு வெண்பா எழுதிட்டுப் போகமாட்டாளோ?" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். சிரித்துவைத்ததுதான் ஆறவில்லை.

ஆகவே முதுகலை. ஆகவே யாப்பிலக்கணம். மற்ற தாள்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டேன். பாட அட்டவணையில் கடைசியாக நின்றது யாப்பு. அதோடு என் பதிவுக் காலமும் முடிகிறது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அதைக் கோட்டைவிட்டால் பட்டம் இல்லை, எழுதின தாள்கள் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். எனக்கு இனி முதலிலிருந்து எதையும் தொடங்கத் தெம்பில்லை.

படித்த லட்சணத்தைச் சொல்கிறேன். பாடங்கள் வீடியோவில் வரும். பேராசிரியர் நெடிலையும் ஒற்றையும் விளக்கிக்கொண்டிருப்பார், நடுவில் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதிக்கும்: நீங்கள் இருக்கிறீர்களா? ஆம் என்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வருகைப் பதிவு போய்விடும். கல்லாவுக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்திருப்பேன். ஒரு காதில் ஆசிரியப்பா, இன்னொரு காதில் "அரைக் கிலோ, சிக்கரி கம்மியா." ஒரு கையில் சில்லறை, மறு கையால் இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன். நான் படித்தேனா என்று அந்தப் பெட்டி ஒருநாளும் கேட்டதில்லை. இருக்கிறேனா என்பதே அதன் கவலை. அதுவும் கவலை இல்லை, கணக்கு.

ஒப்படைப்பு ஒன்றில், நீங்கள் வாழும் நிலத்தைத் திணை மரபில் வைத்து எழுதுக என்றார்கள். நான் எங்கள் கழிமுகத்தை எழுதினேன். கறுப்புத் தண்ணீர், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, அலையாத்திச் செடிகளில் மாட்டிக்கொண்டு படபடக்கும் பிளாஸ்டிக் பைகள், நீர் ஏற்றம் வரும்போது மட்டும் கடல் என்று ஞாபகம் வருகிற வாசனை. நெய்தல்தான், அழுக்கு நெய்தல், இரங்குவதற்கு எங்களிடமா பஞ்சம் என்று முடித்தேன். ஓரத்தில் சிவப்பில் வந்தது: "வாழிடம் குறித்த விவரணை பொருத்தமற்றது. மரபு வழிச் சான்று தருக." வாழிடத்தைக் கேட்டது யார், நானா?

சரி, போகட்டும். தேர்வுக்கு வருகிறேன்.

முந்தின நாள் எதிர்வீட்டு அக்காவிடம், நாளைக்குப் பரீட்சை என்று சொல்லியிருந்தேன். அக்காவுக்கு இட்லி வியாபாரம். விடிவதற்குள் கொப்பரை இறக்கி, வீட்டுக்காரரைத் தூக்குகளோடு சைக்கிளில் அனுப்பிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் வாசலில் காலை நீட்டி உட்காருவாள். எங்கள் சந்தில் யார் வந்தாலும் போனாலும் அந்தக் காலைத் தாண்டித்தான். "நல்லா எழுதுட்டி, நீ எழுதாததா," என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். எங்கே போய் எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. வீட்டிலேயே எழுதுகிறேன் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அக்காவுக்குப் பரீட்சை என்றால் நல்ல சேலை கட்டிப் புறப்பட்டுப் போவது.

காலையில் என் வீட்டுக்காரர் அம்பர்நாத் பாக்டரிக்கு ரயிலேறிப் போன பிறகு, பல நாளாக எண்ணெய் காணாத தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். தனியறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், அறைக்குள் வேறு குரல் கேட்கக் கூடாது என்பது விதி. அடுப்பு, கட்டில், தண்ணீர் டிரம், சாமி படம், பரணுக்குப் போகும் இரும்பு ஏணி, எல்லாம் ஒரே அறையில்தான். தனியறையா என்றால் தனியறைதான், இன்னோர் அறை இருந்தால்தானே.

தேர்வு மென்பொருள் லேப்டாப் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னது. தமிழ் முதுகலைத் தேர்வு, உத்தரவுகள் எல்லாம் ஆங்கிலத்தில். கட்டிலுக்கு அடியில் காட்டு. காட்டினேன், வெங்காயக் கூடை. டிரம்முக்குள் காட்டு. மூடியைத் திறந்து தண்ணீரைக் காட்டினேன், அதில் என் முகம்தான் தெரிந்தது. பரணைக் காட்டு. லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சேலையோடு ஏணி ஏறிப் பழைய தலையணைகளைக் காட்டினேன். வெண்பாவை எவனாவது தலையணைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு சொல்லித் தருவான் என்று பயந்தார்கள் போல.

எழுதத் தொடங்கினேன். யோசிக்கும்போது எனக்குக் கண் மேலே போகும். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டையில் வெளிச்சம் குண்டூசி மாதிரி நிற்கும், அதைப் பார்ப்பேன். டங் என்று ஒரு சத்தம். பார்வை திரையை விட்டு அகன்றது, முதல் எச்சரிக்கை. அதற்குப் பிறகு தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் கேள்வியில் ஒரு வெண்பாவைக் கொடுத்து அசை பிரித்து வாய்பாடு எழுதச் சொல்லியிருந்தார்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நீங்களே சொல்லுங்கள், செய்யுளை வாய் அசைக்காமல் எப்படி அசை பிரிப்பது? காது கேட்டால்தானே தளை தட்டுவது தெரியும்? பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளும் ஒன்றாய் ராகம் போட்டுத்தானே கற்றோம்? உதடு தானாக முணுமுணுத்தது. டங். உதட்டசைவு, இரண்டாம் எச்சரிக்கை. மூன்றாவதில் தேர்வு முடிக்கப்படும்.

வாயை இறுக்கிக்கொண்டேன். பல்லுக்குள்ளேயே ஈற்றுச்சீரைப் பிரித்தேன். சரியாக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"ஏட்டி. உள்ள இருக்கியா?"

அக்கா.

"பூட்டக் காணோம், கதவு சாத்திக் கெடக்கு. பரீட்சைக்குப் போகலியா நீ? ஏட்டி!"

பதில் சொன்னால் மூன்றாவது எச்சரிக்கை. திரும்பிப் பார்த்தாலும் மூன்றாவது எச்சரிக்கை. எழுதிக்கொண்டே இருந்தேன், போய்விடுவாள் போய்விடுவாள் என்று. போகிறவளா அவள்?

"இருக்கியான்னு கேக்கேன்லா! வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுட்டி! தங்கம்லா!" குரல் மாறியது. எனக்குத் தெரிந்த குரல் அது. கடைசி வீட்டு வாசலில் ஒருநாள் கேட்ட குரல். பிறகு சந்தே அதிரும்படி, "பாய்! யாராச்சும் ஓடி வாங்களேன்! இந்தப் புள்ள உள்ள தாப்பாப் போட்டுருக்கா, பேச்சு மூச்சில்ல!"

பக்கத்துத் தோல் பட்டறை இயந்திரங்கள் பட்டென்று நின்றன. அந்தப் பட்டறை பாய் காயல்பட்டினத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்பார். அவரிடம் வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்கள் நாலு பேர். "பாபி! தர்வாஜா கோலோ!" என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். கதவில் கை விழுந்தது, பிறகு தோள் விழுந்தது. ஈற்றடியை எழுதி முடித்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் என் மண்டையில். அந்த நேரத்தில் எழுந்து திறந்திருக்கலாமே என்பீர்கள். இருக்கையை விட்டு எழுந்தாலும் எச்சரிக்கைதான் ஐயா.

தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு கூட்டம் உள்ளே விழுந்தது. அக்கா என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கழுத்தைத் தடவிப் பார்த்து, வாயை மோந்து பார்த்து, பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"மூதி! என்ன காரியம் பண்ணப் பாத்தட்டி! பரீட்சைதானே, போனாப் போவுது! அந்தச் சவத்துப் பரீட்சைக்காகவா?"

"அக்கா, பரீட்சை எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்க?"

திரையைக் காட்டினேன். அதில் எங்கள் ஏழு பேர் முகமும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. பாய் தன்னைப் பார்த்துவிட்டு அனிச்சையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். டங். எங்களை அழித்துவிட்டு ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. பல நபர்கள் கண்டறியப்பட்டனர். தேர்வு முடிக்கப்பட்டது.

அக்கா அப்படியே வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பேசலாம்லாட்டி," என்றாள். "ஒரு வார்த்த, உசுரோட இருக்கேம்னு ஒரு வார்த்த." அழுதாள். நானும் அழுதேன். பாய் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, பிய்ந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "புதுசு போட்டுத் தாரேன் தங்கச்சி," என்றார்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. தேர்வில் முறைகேடு, வெளியாட்களின் துணை, தாள் ரத்து, விசாரணைக்கு இணையத்தில் ஆஜராகவும். முறைகேடு! அந்தச் சொல்லைப் படித்தபோது வந்த ஆத்திரத்தில், கடையில் ஒருவருக்கு முழுக்கச் சிக்கரியையே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

விசாரணைத் திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் தலைவர், பின்னால் கண்ணாடி அலமாரியில் தோலட்டைப் புத்தகங்கள். ஒன்றில் பேராசிரியை. மூன்றாவதில் முகமே இல்லை, தொழில்நுட்ப அலுவலர் என்று எழுத்து மட்டும். என் முகம் நிமிடத்துக்கு நிமிடம் தெரிய வேண்டும், அவர் முகம் தெரிய வேண்டியதில்லை.

"அவங்க கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தாங்களா?" என்றார் தலைவர்.

"நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தாங்க சார்."

பேராசிரியை தொண்டையைச் செருமினார். கதவு வழக்கத்தைச் சொன்னேன். கடைசி வீட்டைப் பற்றியும் சொன்னேன், அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, இருந்தும் சொன்னேன். முகமில்லாத கட்டம் பேசியது: "மேடம், கதவைத் தட்டினப்ப நீங்க பதில் சொல்லியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?"

"பதில் சொல்லியிருந்தா நீங்க தேர்வ முடிச்சிருப்பீங்க."

"அது விதி மேடம்."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொதுவா இந்த மாதிரி ஏரியாவுல இருக்கிறவங்க, தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு நல்ல ரூம் பாத்து எழுதிடறாங்க," என்றார். இந்த மாதிரி ஏரியா. முப்பது வருடமாக நான் பெருக்குகிற தரை அது.

இவ்வளவு நேரமும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்து திரைக்கு நேராகக் குனிந்தாள். "ஏ சார், கதவ ஒடச்சது நாந்தான். கேஸு போடணும்னா எம்மேல போடுங்க. ஒரு பொம்பளைய உள்ள வச்சி, வாயத் தொறக்காத, தலையத் திருப்பாதன்னு சொன்னா அதுக்குப் பேரு பரீட்சையா? ஒங்க வீட்டுப் பொம்பளையளும் இப்பிடித்தான் எழுதுதாளுவளா?"

"அந்த அம்மாவை வெளியே அனுப்புங்க," என்றார் தலைவர்.

"நான் அவியள அனுப்ப மாட்டேன் சார்," என்றேன். ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. யாப்பு போனால் போகட்டும், அந்த அங்கவஸ்திரக்காரர் இன்னும் நூறு கூட்டத்தில் சிரிக்கட்டும் என்று அந்த ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே போகக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

பேராசிரியைதான் ஏதோ பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். சில நாளில் முடிவு வந்தது. கருணை அடிப்படையில் மறுதேர்வுக்கு அனுமதி, ஒரே முறை. சாத்தக்கூடிய கதவுள்ள தனியறையின் புகைப்படம் முன்கூட்டியே அனுப்பப்பட வேண்டும். கருணை! குற்றம் செய்தவளுக்குத்தானே கருணை? நான் என்ன செய்தேன்? உயிரோடிருப்பதைச் சந்து உறுதிப்படுத்திக்கொள்ளும்படி வாழ்ந்தேன், அதற்கா?

கோபம் கோபமாகவே இருக்கட்டும், அறை வேண்டுமே. கடை முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் வீடு. "அதுக்கென்ன, பேஷா எழுதிக்கோங்கோ. பையன் ரூம் சும்மாதான் கெடக்கு, அவன்தான் வெளிநாட்டுல இருக்கானே," என்றாள் மாமி. நல்ல மனசு. படம் எடுத்து அனுப்பினேன். வெள்ளைச் சுவர், மேசை, கனமான மரக் கதவு. அங்கீகரிக்கப்பட்டது என்று அன்றைக்கே பதில். என்னைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகம் இவ்வளவு சீக்கிரம் எதையும் அங்கீகரித்ததில்லை.

மறுதேர்வு நாளில் மாமி காப்பி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தும்போது சத்தமே வரவில்லை, காற்றை முழுங்குகிற மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான். பிறகு ஒன்றுமில்லை. ஏசியின் குளிர், ஜன்னல் திரைக்கு அப்பால் எங்கோ ஒரு காகம். மூன்று மணி நேரம். கண்ணைத் தூக்கவில்லை, உதட்டை அசைக்கவில்லை, வெண்பாவைத் தொண்டைக்குள் வைத்தே நொறுக்கி அசையசையாகப் பிரித்துப் போட்டேன். ஒரு டங் கூட இல்லை. இயந்திரத்துக்குப் பரம திருப்தி. நடுவில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது: இந்த நாற்காலியிலேயே மார்பு அடைத்து நான் சாய்ந்தால், திரைக்கு ஒரு முகம் குறைகிறது என்று தெரியும், கதவுக்கு அப்பால் யாருக்குத் தெரியும்? எழுதிக்கொண்டே போனேன்.

விடைத்தாளை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். மாமி சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். "ஆச்சா? நீங்க உள்ள இருக்கறதே மறந்துபோயிடுத்து," என்று சிரித்தாள். பாவம், அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

தேறிவிட்டேன். யாப்பில் நல்ல மதிப்பெண். இனி யாராவது முன்வரிசையில் எழுந்தால் ஒரு நேரிசை வெண்பாவை அங்கேயே கட்டி அவர் மடியில் போட என்னால் முடியும். போடமாட்டேன். இப்போதும் வரியை ஒடிக்காமல்தான் எழுதுகிறேன், இதோ இதைப் போல. பட்டச் சான்றிதழ் தபாலில் வந்ததும் ஏணிமேல் ஏறிப் பரணில் வைத்துவிட்டேன், அவர்கள் ஆசைப்பட்டுப் பார்த்த அதே தலையணைகளுக்கு நடுவில்.

பாய் போட்டுத் தருவதாகச் சொன்ன தாழ்ப்பாளை இன்னும் வாங்கவில்லை. படுக்கும்போது டிரம்மை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்கிறோம்.

மறுதேர்வு எழுதிவிட்டு வந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தாள். காலை மடக்காமலே, "எழுதிட்டியா?" என்றாள்.

"எழுதிட்டேன்க்கா. ஒரு தொந்தரவும் இல்ல."

"ஒருத்தரும் வந்து கதவத் தட்டலியா?"

"இல்ல."

"மூணு மணி நேரமா உள்ள தாப்பாப் போட்டுருக்க. இருக்கியான்னு ஒருத்தருமா கேக்கல?"

"இல்லக்கா."

அக்கா உளுந்திலிருந்து கையை எடுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள், ஏதோ விபத்திலிருந்து தப்பி வந்தவளைப் பார்ப்பது போல.

"என்ன வீடுட்டி அது," என்றாள்.